பதினோரு செகண்டு

ஏனுங் தம்பி, இங்க சிடி போடற மிசின் இருக்குதுங்களா?

இருக்குதா, அப்பாடா. மூணு கடை ஏறி எறங்கிட்டனுங்க. மொதக் கடைக்காரன் சிடியைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இதெல்லாம் இப்ப ஆருங்க வெச்சிருக்கறாங்கன்னு சிரிக்கறான். ரெண்டாவது கடைக் கம்ப்யூட்டர்ல இதை நுழைக்கறதுக்கு எடமே இல்லையாமா. மூணாவது ஆளுதான் சொன்னாரு, காங்கயம் ரோட்டுல கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டித் தர்றவரு ஒருத்தரு இருக்காரு, பழைய மிசினு ஒண்ணையும் தூக்கிப் போட மாட்டாரு, அங்க போங்கன்னு. நல்ல வார்த்தைதான் சொன்னாருங்க உங்களைப் பத்தி.

இருங்க, கவரை நானே பிரிச்சுக்கறேன். கோர்ட்டுல குடுத்த கவரு, அரக்கு சீல் இருக்குது பாருங்க. பிரிச்சா ஒண்ணும் தப்பில்லை, எனக்குன்னு குடுத்த நகல்தான். இருந்தாலும் சீல் வெச்சதை ஒடைக்கறதுன்னா எனக்குக் கை வராது. முப்பத்தொரு வருசம் ஈபியில மீட்டர் ரீடிங் எடுத்த ஆளுங்க நானு. பேரு நாச்சிமுத்து. எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல மீட்டரு சீலைத்தான் பாப்பேன், அப்பறந்தான் நம்பரு. சீல் ஒடைஞ்சிருந்தா ஒடைஞ்சிருக்குதுன்னு எழுதிருவேன். ஒருக்கா ஒரு விதவைப் பொம்பளை, கொழந்தை பந்து அடிச்சதுல ஒடைஞ்சு போச்சுங்கண்ணா, எழுதிராதீங்கன்னு கையைப் புடிச்சு அழுதுச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. எழுதிட்டனுங்க. பந்து அடிச்சுதா, திருடறதுக்கு ஒடைச்சாங்களான்னு பாக்கறது என்ற வேலை இல்லீங்களே.

அதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நான் பொய்யி பித்தலாட்டம் தெரியாத ஆளுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். வேலையைச் சொல்றதுக்கு முந்தி இது என்ன சிடின்னு சொல்லிப்போடறேன். கேட்டுப்போட்டு முடியாதுன்னு சொன்னாலும் சரி. 

இதுல என்ற புள்ள பேசுதுங்க. மேகலா. போயி மூணு வருசம் ஆச்சு.

ஆஸ்பத்திரி லேப்புல வேலை பாத்துட்டு இருந்துச்சு. ரத்தம் எடுக்கறது, சோதிச்சு எழுதிக் குடுக்கறது. நல்லாத் தேடித்தான் குடுத்தோம். மாடி வீடு, சொந்தத் தொழிலு, ஒரே பையன். கட்டிக் குடுத்து ரெண்டு வருசம் ஆகறதுக்குள்ள, ஒரு வியாழக்கெழமை பத்து மணிக்கு, மொட்டை மாடியில இருந்து விழுந்துட்டான்னு போன் வந்துச்சு. துணி காயப்போடப் போனா, பாசி புடிச்சிருந்துச்சு, வழுக்கிருச்சுன்னாங்க. நாங்க போயிப் பாத்தப்ப துவைச்ச துணி பக்கெட்டோட கீழ குழாயடியிலயே இருந்துச்சு. அப்பறம் எதைக் காயப்போட மேல போனா? அதை நான் ஆர்டிஓ கிட்டயும் சொன்னேன், போலீசுலயும் சொன்னேன், கோர்ட்டுலயும் சொன்னேன். கல்யாணமாயி ஏழு வருசத்துக்குள்ள போனா ஆர்டிஓ வந்து விசாரிப்பாருங்க, அது சட்டம். அவரு கேட்டாரு, உங்க பொண்ணு முன்னாடி எப்பவாச்சும் அங்க கஷ்டம்னு சொல்லியிருக்குதான்னு. நான் இல்லீங்கன்னேன்.

சொன்னதில்லைங்கறது நெசந்தானுங்க. வாயத் தொறந்து அடிக்கறாரு, ஒதைக்கறாருன்னு எங்கிட்டச் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில நர்சம்மா ஒரு பிளாஸ்டிக் பையில அவ தோடு, கொலுசு, போனு மூணையும் போட்டு எங்கையில குடுத்தாங்க. போனு ஒரு மூலையில வெடிச்சிருந்துச்சு, மத்தபடி நல்லாத்தான் இருந்துச்சு. தொறக்கற நம்பரு எனக்குத் தெரியும், நான் பொறந்த வருசந்தான். மாப்பிள்ளைக்குத் தெரியாது. அவரு போனைக் குடு குடும்பாராம், இவ குடுக்க மாட்டாளாம். அந்தச் சண்டையே பெருசுன்னு அப்பறம்தான் கேள்விப்பட்டோம்.

ரெண்டாம் நாளே ஸ்டேசன்ல இருந்து ஏட்டு வந்தாரு. நல்ல மனுசன். போனு இருந்தா அப்படியே குடுங்க, நோண்டாதீங்க, அதை ஒருத்தரும் தொடக்கூடாது, அதுல என்ன இருக்குதுன்னு பாக்கறதுக்குன்னே லேப்பு இருக்குதுன்னாரு. நான்தான் கெஞ்சினேன், காரியம் முடியட்டும், நானே கொண்டாந்து குடுத்தர்றேன்னு. அவருக்கும் பொட்டப்புள்ள இருக்குது போல. சரிங்க பத்தரமா வெச்சுக்கங்கன்னு போயிட்டாரு.

ஏன் குடுக்கலைன்னு வக்கீலு கூட என்னையத் திட்டுனாரு. ஊட்டுல அவ படம் ஒண்ணுகூடத் தனியா இல்லைங்க. இருந்ததெல்லாம் மாப்பிள்ளையோட சேந்து நிக்கற படம். அதை வெச்சுக் கும்பிட முடியுங்களா? அவ போனைத் தொறந்தா மொதப் பக்கத்துல அவ மட்டும், லேப்புக் கோட்டைப் போட்டுட்டு சிரிச்சுட்டு நிப்பா. அந்தப் போனையே மணை மேல நிறுத்தி, பூ வெச்சு, முன்னால வெளக்கு ஏத்துனோம். ஒரு நிமிசத்துல போனு இருட்டாயிரும். வெளக்கு எரியுது, புள்ள மூஞ்சி இல்லை. எங்கக்கா மருமகதான் அதுல என்னமோ மாத்திக் குடுத்துச்சு, அணையாமயே இருக்கற மாதிரி. சார்ஜரைச் சொருகி பதினாறு நாளும் வெளக்குக்கு எண்ணெய் ஊத்துற மாதிரி அதைப் பாத்துக்கிட்டேன்.

அப்பறம் நான் ஒண்ணு பண்ணுனேன். சிரிக்காதீங்க. என்ற போன்ல இருந்து அவளுக்கு மெசேஜ் போடுவேன். சாப்பிட்டயா சாமின்னு. அந்தப் பக்கம் அவ போன்ல டிங்குன்னு சத்தம் வரும். அதை எடுத்துத் தொறந்தா இந்தப் பக்கம் ரெண்டு டிக்கும் நீலமாயிரும். அவ பாத்துட்டாங்கற மாதிரி. பாத்தது நான்தான், அது எனக்குத் தெரியாதுங்களா? இருந்தாலும் அந்த நீலத்தைப் பாத்தா ஒரு வாய் சோறு எறங்கும். ஊட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. அவ அடுப்படிக்குப் போயிருக்கறப்பப் பண்ணுவேன்.

பத்தொம்பதாம் நாளு கொண்டுபோயிக் குடுத்தேன். ஏட்டு கவருல போட்டு, அரக்கு உருக்கி சீல் வெச்சு, என்ற கையெழுத்து வாங்குனாரு. எனக்கு அப்பத்தான் உசுரு போச்சு. ஆஸ்பத்திரியில அவளைக் குடுத்தப்பக்கூட அப்படி இல்லைங்க.

கேசு கோர்ட்டுக்கு வர ரெண்டு வருசம். பக்கத்து வீட்டுக்காரங்க, சத்தம் கேட்டுச்சுன்னு மொதல்ல சொன்னவங்க, கூண்டுல ஏறி ஒண்ணும் கேக்கலைன்னுட்டாங்க. சர்க்காரு வக்கீலு சொன்னாரு, நாச்சிமுத்து, இனி அந்தப் போனுதான் நமக்குன்னு. போனை ஆராஞ்ச லேப்பு அம்மா சாட்சிக்கு வந்தாங்க. ரெஜினா மேடம். ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு, மேகலாவை விட நாலஞ்சு வயசு மூப்பு இருக்கும்.

அந்தம்மா சொன்னதை நான் ஒரு எழுத்து விடாமக் கேட்டனுங்க. நம்ம தொழிலு மாதிரியே இருந்துச்சு. கவரு வந்ததும் பிரிக்கறதுக்கு முந்தி நாலு பக்கமும் போட்டோ எடுத்தாங்களாம். சீல் முழுசா இருந்துச்சான்னு பாத்து எழுதுனாங்களாம். அப்பறம் வெளிச் சிக்னல் உள்ள போகாத ஒரு பெட்டிக்குள்ள வெச்சுத்தான் போனையே தொட்டாங்களாம், இல்லாட்டி அந்நேரம் ஒரு மெசேஜ் வந்து பூந்தாலும் உள்ள இருக்கறது மாறிப் போயிருமாமா. அப்பறம் போன்ல இருக்கறதை அப்படியே நகல் எடுத்து, ஒரிஜினலைத் திரும்ப சீல் வெச்சுட்டு, நகல்லதான் வேலையே பாப்பாங்களாம். அந்த நகலுக்கு ஒரு நீள நம்பரு வரும், உள்ள ஒரு புள்ளி மாறினாலும் நம்பரே வேறயாயிரும்னாங்க. ஆரு கையில இருந்து ஆரு கைக்கு எத்தனை மணிக்குப் போச்சுன்னு எல்லாத்துக்கும் எழுத்து. அடடா, என்ன சுத்தம்னு நெனைச்சேன். இப்படி ஒரு ஆளு நம்ம ஆபீசுல இல்லாமப் போச்சேன்னுகூட நெனைச்சனுங்க.

எதிர் வக்கீலு எந்திரிச்சாரு. போலீசு கைக்கு வர்றதுக்கு முந்தி இந்தப் போனை ஆராச்சும் பயன்படுத்தியிருக்காங்களான்னு கேட்டாரு. ஆமாங்க, சாவுக்குப் பின்னாடி தெனமும்னு அந்தம்மா சொன்னாங்க. அப்பாங்கற பேருல இருந்து நூத்திப் பன்னெண்டு மெசேஜ் வந்திருக்குது, அத்தனையும் இந்தப் போன்லயே தொறந்து படிக்கப்பட்டிருக்குதுன்னாங்க. என்ன மெசேஜுன்னு படிச்சுக் காட்டச் சொன்னாரு அந்தாளு.

படிச்சாங்க. சாப்பிட்டயா சாமி. மழை வருது, கொடை எடுத்துட்டுப் போனயா. அம்மா உனக்குப் புடிச்ச பச்சைப்பயிறு கடைஞ்சிருக்கா. இப்பவாச்சும் பேசு சாமி. பின்னால பெஞ்சுல ஒருத்தன் சிரிச்சான். ஜட்ஜு ஐயா பேனாவைக் கீழ வெச்சுட்டுப் பேப்பரையே பாத்துட்டு இருந்தாரு. அந்தம்மா குரலு ஏறவும் இல்லை, எறங்கவும் இல்லை. நான் சீல் நம்பரு படிக்கற மாதிரியே படிச்சாங்க. பொம்பளைக்கு எப்படி அப்படி ஒரு மனசு வந்துச்சோ.

அதோட விட்டாங்களா? அழிக்கப்பட்டதுன்னு ஒண்ணு எடுத்தாங்க. நாப்பத்தொரு ஒலிப்பதிவு. சத்தம் போயிருச்சு, திருப்பி எடுக்க முடியலைன்னாங்க. ஆனா அதோட பேரு, பதிவு பண்ணுன தேதி, மணி, எவ்வளவு நீளம்னு போன்ல ஒரு பட்டியலு மிச்சம் இருந்துச்சாமா. அத்தனையும் ஒரே நாள்ல, ஒரே நேரத்துல அழிச்சிருக்குது. அவ போயி பதினாலாம் நாளு, காலையில பத்து இருவதுக்கு.

என்னைய மறுபடியும் கூண்டுல ஏத்துனாங்க. அழிச்சது ஆருன்னாங்க. நாந்தானுங்கன்னேன். எதுக்குன்னாங்க. போன்ல எடம் பத்தலைன்னு வந்துச்சுங்க, அவ போட்டோவெல்லாம் போயிருமோன்னு பயந்து வேண்டாததை அழிச்சேன்னு சொன்னேன். கேட்டுப் பாத்தீங்களான்னாங்க. இல்லீங்கன்னேன். சரி, ஒரு வயசான மனுசன், போன் பத்தி ஒண்ணும் தெரியாது, போச்சுன்னு விட்டுறலாமில்லீங்க? அந்த வக்கீலு விடலை. லேப்பு அம்மாவைத் திருப்பிக் கூப்புட்டுக் கேட்டாரு, அன்னைக்குப் போன்ல எடம் இருந்துச்சா இல்லையான்னு. அந்தம்மா பேப்பரைப் புரட்டிப் பாத்துட்டு, பாதிக்கு மேல காலியாத்தான் இருந்துச்சுன்னாங்க.

அந்த ஒரு வரிங்க. அதைச் சொல்லாம இருந்திருந்தா என்ன? தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். அங்கதான் கேசு போச்சு. அன்னையில இருந்து நான் சொன்னது ஒண்ணையும் கோர்ட்டு நம்பலை. குழாயடியில பக்கெட்டு இருந்ததையும் நம்பலை. அந்தம்மா மேல எனக்கு ஆத்தரம்னா ஆத்தரம், இப்பவும் அடங்கலை.

தண்ணி இருந்தாக் குடுங்க கொஞ்சம்.

இப்ப உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க. நீங்க அந்தச் சிடியைப் போட்டாத் தெரிஞ்சுரப் போகுது. எடம் பத்தலைங்கறது பொய்யிதான்.

பதினாலாம் நாளு ஊட்டுக்காரி தலைக்குத் தண்ணி வாத்துக்கப் போயிருந்தா. நான் போனை எடுத்து எல்லாத்தையும் தொறந்து தொறந்து பாத்துட்டு இருந்தேன். அவ குரலு எங்கயாச்சும் இருக்குமான்னு. கல்யாண வீடியோ மூணு மணி நேரம் ஓடும், உங்களுக்குத் தெரியாததா, மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாட்டைப் போட்டு மூடிட்டாங்க. அவ ஒரு வார்த்தை பேசறது கேக்காது. எனக்கும் அவ மெசேஜ்தான் எழுதுவா, பேசி அனுப்ப மாட்டா, அங்க ஆராச்சும் கேட்டுருவாங்கன்னு. தேடிட்டே வந்தப்ப பதிவுன்னு ஒரு எடம் வந்துச்சு. உள்ள வெறும் தேதியும் நம்பருமா வரிசையா நின்னுச்சு. மேல இருந்ததை அழுத்துனேன். 

என்ற குரலு வந்துச்சுங்க.

அவ விழறதுக்கு மூணு நாளைக்கு முந்தி, திங்கக்கெழமை மத்தியானம் எனக்குக் கூப்புட்டா. அதை அவ போனு பதிஞ்சு வெச்சிருக்குது. நான் அப்ப என்ற சின்னப் பையன் கல்யாணத்துக்குப் பத்திரிகைக் கடையில நின்னுட்டு இருக்கறேன். வெள்ளிக்கெழமை உப்பு ஜவுளி. எங்க பக்கத்துல கல்யாணத்துக்கு முந்தி ரெண்டு வீட்டுச் சனமும் சேந்து போயி உப்பு வாங்கி, ஜவுளி எடுக்கறது. ஒறம்பரை பூராத் திரண்டு வரும். அந்த அவசரத்துல இவ போன் பண்றா. பண்ணி, அப்பா, அது இல்லீங்கப்பான்னு நாலு தடவை ஆரம்பிக்கறா. நாலு தடவையும் நான் உள்ள பூந்துக்கறேன். மாப்பிள்ளை நல்ல மனுசன், அவரு ஒரு வார்த்தை சொன்னா நீ நாலு வார்த்தை பேசறே, கொஞ்சம் அனுசரிச்சுப் போன்னு. அதெல்லாம் நான் பேசுனதுங்க. நானேதான்.

அதைக் கேட்டுட்டு என்னால ஒக்கார முடியலை. ஊட்டுக்காரி ஈரத் தலையோட வந்துருவா. போனைப் போலீசுக்குக் குடுக்கணும், அவங்க கேப்பாங்க, கோர்ட்டுல போடுவாங்க. ஊரே கேக்கும். கீழ பாத்தா இன்னும் நாப்பது. அத்தனையும் எங்கிட்டப் பேசுனதுன்னே நெனைச்சுட்டனுங்க. அவ கடைசி ஆறு மாசத்துல பல தடவை கூப்புட்டிருக்கா, ஒவ்வொரு தடவையும் நான் இதையேதான் சொல்லியிருக்கறேன். எல்லாத்தையும் ஒண்ணாப் புடிக்கறதுக்கு ஒரு எடம் இருந்துச்சு. புடிச்சேன். அழிக்கட்டுமான்னு அதுவே கேட்டுச்சு. சரின்னேன்.

கோர்ட்டுலதான் எனக்கே தெரிஞ்சுது. லேப்பு அம்மா பட்டியலை வெச்சுச் சொன்னாங்க, நாப்பத்தொண்ணுல ஒண்ணே ஒண்ணுதான் போன்ல பேசுனது. பாக்கி நாப்பதும் வீட்டுக்குள்ள, ரூமுக்குள்ள பதிவு பண்ணுனது. மணியைப் பாத்தா மாப்பிள்ளை கடையை அடைச்சுட்டு வர்ற நேரம். நாலு நிமிசம், ஏழு நிமிசம், இருவது நிமிசம்னு.

லேப்புல வேலை பாத்த புள்ளைங்க. எதையும் சோதிச்சு எழுதி வெக்கற புள்ள. வாயில சொன்னா அப்பன் கேக்க மாட்டான்னு தெரிஞ்சுதான் ஒண்ணொண்ணாச் சேத்து வெச்சிருக்கா. நான் ஒண்ணுக்குப் பயந்து நாப்பதைத் தொலைச்சேன்.

அந்த ஒண்ணாச்சும் தொலைஞ்சுதா? இல்லைங்க. அவ போன்ல அப்பான்னு பேரு போட்டு ஒரு பை மாதிரி தனியா வெச்சிருந்தா. என்ற பென்சன் பேப்பரு, சக்கரை டெஸ்ட்டு, கண் ஆபரேசன் சீட்டு, எல்லாத்தையும் அவதான் பாத்துக்குவா, அதெல்லாம் அதுக்குள்ள இருந்துச்சு. நான் அதைத் தொறக்கவே இல்லை, வெறும் பேப்பருதானேன்னு. அதுக்குள்ள இந்தப் பேச்சுக்கு ஒரு நகல் எடுத்து வெச்சிருந்தா. எதுக்கு வெச்சாளோ, அப்பன் குரலுன்னு வெச்சாளோ. லேப்பு அம்மா அதைக் கண்டுபுடிச்சு எழுதிட்டாங்க. எதிர் வக்கீலு அதைப் போடச் சொல்லிக் கேட்டாரு. கோர்ட்டுல போட்டாங்க.

நாலு நிமிசம் எட்டு செகண்டு. மாப்பிள்ளை நல்ல மனுசன்னு நான் சொல்ற எடம் வந்ததும் அந்தாளு நிறுத்தச் சொல்லிட்டு ஜட்ஜைப் பாத்துச் சொன்னாரு, பொண்ணைப் பெத்தவரு சொல்றாருங்க, நாங்க சொல்லலைன்னு. அதுக்கு மேல என்ன இருக்குது. மாப்பிள்ளை வீட்டாரு எல்லாரையும் விட்டுட்டாங்க. வெளிய வர்றப்ப அவரு, அந்த மாப்பிள்ளை, நேரா எம்முன்னால வந்து நின்னு, வர்றனுங்க மாமான்னுட்டுப் போனாரு. விருந்துக்கு வந்துட்டுக் கெளம்பறப்ப எங்க ஊட்டு வாசல்ல அப்படித்தான் சொல்லிட்டுப் போவாரு.

அந்தப் பதிவைப் போட்ட அன்னைக்கு ஊட்டுக்காரியும் கோர்ட்டுல இருந்தா. அவளுக்கு இந்தப் போன் பேச்சே தெரியாது. ஊட்டுக்கு வந்து, சீலையைக்கூட மாத்தாம நின்னு ஒண்ணுதான் கேட்டா. "புள்ள கூப்புட்டான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? நான் போயிக் கூட்டிட்டு வந்திருப்பனே." அதுதாங்க கடைசி. அஞ்சு மாசம் ஆச்சு. தட்டுல சோத்தைப் போட்டு வெச்சுட்டு உள்ள போயிருவா.

அந்த ரெஜினா மேடம் தீர்ப்பன்னைக்கும் வேற ஏதோ கேசுக்கு வந்திருந்தாங்க. வராண்டாவுல என்னையப் பாத்துட்டு வந்து நின்னாங்க. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். "ஐயா, இருக்கறதை எழுதாம விட என்னால முடியாதுங்க. ஆனா அந்தப் பதிவுக்கு நகல் வேணும்னு மனு போட்டா உங்களுக்குத் தருவாங்க. அதுல உங்க பொண்ணு குரல் இருக்குது"ன்னாங்க. ஆறுதலுக்குச் சொன்னாங்களோ குத்திக் காட்டச் சொன்னாங்களோ. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டே போனாங்க. மனு மட்டும் போட்டேன்.

அந்தச் சிடிதாங்க இது.

இப்ப வேலையைச் சொல்றேன். ஊட்டுக்காரிக்குப் புள்ள குரலைக் கேக்கணும். வாய் விட்டுச் சொல்லலை, இந்தக் கவரு வந்த நாளுல இருந்து பீரோவைத் தொறந்து தொறந்து பாக்கறா. ஆனா என்ற குரலு வந்தா எந்திரிச்சுப் போயிருவா, எனக்குத் தெரியும். எனக்கும் அதைக் கேக்க முடியலை. நீங்க அதுல நான் பேசறதை மட்டும் எடுத்துருங்க. அவ பேசறது இருக்கட்டும். தப்பில்லைங்க, இது நகல்தானே. ஒரிஜினல் கோர்ட்டுல சீல் வெச்சு அப்படியே இருக்குது. நகல்லதான் கை வெக்கணும்னு அந்தம்மாவே சொன்னாங்களே.

ஆனா ஒண்ணு. வெட்டிட்டு நெருக்கி ஒட்டிராதீங்க. கல்யாண வீடியோவுல ஆளு நடக்கறது, நிக்கறதெல்லாம் வெட்டிட்டு டக்குடக்குன்னு ஒட்டுவீங்களே, அப்படி வேண்டாம். நான் எவ்வளவு நேரம் பேசுனனோ அவ்வளவு நேரம் சத்தமில்லாம சும்மா இருக்கட்டும். அந்த எடம் வேணும்.

கடைசிக்குக் கொஞ்சம் முந்தி ஒண்ணு வரும். அப்பா, நான் கெளம்பி வந்துரட்டுங்களான்னு கேப்பா. அப்ப நான், இப்பவா சாமி, வெள்ளிக்கெழமை உப்பு ஜவுளி, ஒறம்பரையெல்லாம் வந்திருக்கறப்ப நீ பொட்டியோட வந்து நின்னா என்ன நெனைப்பாங்க, நாலு நாள் பொறுத்துக்கன்னு சொல்லுவேன். பதினோரு செகண்டு. கோர்ட்டுல குடுத்த பேப்பருல அது எந்த நிமிசத்துல வருதுன்னு போட்டிருக்குது, நான் எழுதிக் கொண்டாந்திருக்கறேன், இந்தாங்க. அதை மட்டும் ஒரு செகண்டு கூடக் கொறைச்சுராதீங்க. அந்த எடத்துல நான் சொல்ல வேண்டியதை ஊட்டுல கடியாரத்தை வெச்சுச் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். வந்துரு சாமி, இப்பவே பஸ் ஏறு, துணிமணியெல்லாம் கெடக்கட்டும், அப்பன் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கறேன்னு. மெதுவாச் சொன்னாலும் ஒம்பது செகண்டுதான் ஆகுது.

நான் சொல்லி முடிச்சதும் அவ, சரிங்கப்பான்னு சொல்லுவா. அது அதுலயே இருக்குதுங்க, நீங்க எதையும் சேக்க வேண்டியதில்லை.